கன்னுக்குட்டி குடித்த ரேடியேட்டர் தண்ணீர்

1

போன சனிக்கிழமை ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "இதற்குள் என்ன இருக்கிறது?" என்று இங்கிலீஷில் கேட்டார். சின்னக் கேள்விதான். அவரைப் பார்த்தேன், கையிலிருந்த கேனைப் பார்த்தேன். வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது கனடாவில், வின்னிபெக். இந்த ஊரில் மிச்சமான பெயிண்ட், செத்துப்போன பேட்டரி, பூச்சி மருந்து எதையும் சாக்கடையில் கொட்ட முடியாது. ஊரின் ஓரத்தில் ஒரு கிடங்கு வைத்திருக்கிறார்கள், அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கும் வரிசை உண்டு. இந்த ஊர்க்காரன்தான் என்பதற்கு லைசென்ஸைக் காட்ட வேண்டும், ஒரு படிவம் நிரப்ப வேண்டும். விஷத்தை வாங்குவதற்கு ஒரு கேள்வியும் கிடையாது, திருப்பிக் கொடுக்கத்தான் இத்தனை கேள்வி.

என் கேனில் இருந்தது பழைய கூலண்ட். காரின் இன்ஜின் கொதித்துவிடாமலும் பனியில் உறைந்துவிடாமலும் இருக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற பச்சை நிறத் திரவம். குளிர் வருவதற்கு முன்னால் அதை மாற்றுகிற வேலையை நானே வீட்டில் செய்துவிடுவேன். அரியலூரில் சிமெண்ட் லாரிக்கு கிளீனராக இருந்தவன் நான். ஸ்பேனர் பிடிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து வந்த படிப்பு அது. இங்கே வந்து இருபத்திரண்டு வருடமாகியும் அந்தப் படிப்பை மட்டும் விடவில்லை.

ஆனால் இந்த வருடம் ரேடியேட்டருக்கு அடியில் தட்டை வைத்து, வடிகால் திருகைத் தளர்த்தியதும், அந்தப் பச்சை நூல் மாதிரி இறங்க ஆரம்பித்ததும் திருகை மறுபடி இறுக்கினேன். எழுந்து போய் ஷெட்டின் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு வந்துதான் மிச்சத்தை வடித்தேன்.

போன ஆடியில் நடந்ததை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. ஊரில் இருக்கிற நீங்கள் படிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

2

மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் என் அக்கா மல்லிகாவின் வீடு. அக்கா வீட்டுக்காரர் கலியமூர்த்தி மாமா ஒரு பழைய டீசல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். ஜெயங்கொண்டத்தில் கல்யாணம், அரியலூரில் ஆஸ்பத்திரி, பெரம்பலூரில் கோர்ட்டு, எப்போதாவது திருச்சி ஏர்போர்ட். மாமா பேசினால் நான் குறித்து வைத்துக்கொள்வேன். அவர் சும்மா சொல்வதே அவ்வளவு நன்றாக இருக்கும். திருச்சி போகும் போதெல்லாம் பாடாலூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, தனக்கு ஒரு டீயும் ரேடியேட்டருக்கு ஒரு குடம் தண்ணீரும் வாங்குவார். கேட்டால், "வண்டிக்கும் எனக்கும் பாடாலூர்லதான் மாப்ள தாகம் எடுக்கும்" என்பார்.

வெறும் தண்ணீர்தான் அந்த வண்டி காலமெல்லாம் குடித்தது. அதைக் கெடுத்தவன் நான். அதற்கு முந்தைய தடவை ஊருக்குப் போயிருந்தபோது, "தண்ணிய மட்டும் ஊத்துனா உள்ளாற துரு புடிச்சுடும் மாமா, இப்பெல்லாம் யாரு தண்ணி ஊத்துறா" என்று பெரிய மனுஷன் மாதிரிப் பேசி, ஜெயங்கொண்டத்தில் கூலண்ட் வாங்கி வந்து ஊற்றினேன். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா மாப்ள, சர்பத்தாட்டம் இருக்கு" என்றார். அதன் பிறகு ஏறுகிறவர்களிடம் எல்லாம், "எம் மச்சினன் வெளிநாட்டுலேர்ந்து வந்து வண்டிக்கு சர்பத் ஊத்திட்டுப் போயிருக்கான்" என்று சொல்லிச் சிரிப்பாராம். போனில் கேட்டு நானும் சிரித்தேன். அது விஷம் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். தோன்றவே இல்லை.

போன ஆடியில் மகள் கயலையும் அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிற வயது. அக்கா வீட்டில் அவள் ஒரு மூலையில் போனோடு உட்கார்ந்தே இருந்தாள். "பொண்ணு பேசவே மாட்டேங்குதே தம்பி" என்றாள் அக்கா. "அவ நம்மாளு இல்லக்கா, கைய வுட்டுப் போயிட்டா" என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. பாஷை புரியாதவளைப் பற்றிப் பேசுவது போல அவள் எதிரிலேயே பேசினேன்.

அக்கா வீட்டில் அப்போது ஒரு கெடாரிக் கன்று இருந்தது. பிறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். தாய் மாடு காலையில் மேய்ச்சலுக்குப் போய்விடும், கன்று பின்கட்டில் வேப்பமரத்தில் கட்டிக் கிடக்கும். அந்த மாடு கன்று முட்டினால்தான் பால் சுரக்கும், இல்லாவிட்டால் எட்டி உதைக்கும். அதனால் அந்தக் கன்றை அக்கா கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள்.

3

மாமா காரின் கூலண்டை மாற்றுகிற வேலையை, போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலையில் வைத்துக்கொண்டேன். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், அதனால் முதல் நாள் சாயந்திரத்திலிருந்தே வண்டி பின்கட்டில் நின்றது. மாமா புதுக் கூலண்டும் அதில் கலக்குகிற சுத்தத் தண்ணீரும் வாங்க ஜெயங்கொண்டத்துக்கு பைக்கில் கிளம்பினார். நான் துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தேன். வடிப்பதற்கு ஒரு ஏனம் தேடினேன். கொத்தனார் சிமெண்ட் அள்ளுகிற கறுப்பு ரப்பர் பாண்டு ஒன்று வேப்பமரத்தடியில் கிடந்தது. உயரம் குறைவு, வண்டிக்கு அடியில் சரியாக நுழைந்தது.

அதில்தான் அக்கா கன்றுக்குத் தண்ணீர் காட்டுவாள். முதல் நாள் சாயந்திரம் காட்டியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

முழுக்க வடிந்ததும் ஹோஸ் வைத்து ஒரு தடவை தண்ணீர் விட்டு உள்ளே அலசினேன், அதுவும் அதே பாண்டில் இறங்கியது. வெளியே இழுத்து மரத்தோரம் வைத்தேன். அப்போது கயல் போனைப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் வந்தாள். "டோன்ட் கோ நியர் தட். இட்ஸ் பாய்சன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

"தம்பி, இட்லி ஆறுது!" என்று அக்கா கூப்பிட்டாள். கை கழுவிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

இரண்டாவது இட்லியில் இருந்தேன். பின்கட்டில் கன்று கத்தியது. தொடர்ந்து ஒரு குரல். பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தாச்சி. முருங்கைக்கீரை ஒடிக்கவோ, உப்பு வாங்கவோ, ஒன்றுமில்லாமல் பேசவோ ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தப் பின்கட்டு வழியாக வந்து போகிறவள்.

"ஏன்டி கத்துற? அடியே, நாக்கு வறண்டுடுச்சா? இந்தா, தண்ணிய வெச்சுக்கிட்டே கத்துறியே, எட்டலியா ஒனக்கு? இரு இரு."

பாண்டு தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது.

நான் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். நான் சிரித்தேன். வாயில் இட்லியோடு அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். "இதெல்லாம் இங்கதான்க்கா. யார் வூட்டுக் கன்னு கத்துனாலும் யாராச்சும் வந்து தண்ணி காட்டுறாங்க. எங்கூர்ல பக்கத்து வூட்டுக்காரன் பேரு கூட எனக்குத் தெரியாது" என்று முழு வாக்கியமும் பேசி முடித்தேன். சட்னியைத் தொட்டு அடுத்த வாய் வைத்த பிறகுதான், இழுபட்டது எந்தப் பாண்டு என்பது தலைக்குள் ஏறியது.

ஓடினேன். "நோ! நோ! ஸ்டாப்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அத்தாச்சி ஒரு கையால் கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். கன்று தலையைக் கவிழ்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்தத் திரவம் இனிக்கும், அதுதான் அதிலுள்ள கேடு. காலால் பாண்டை உதைத்துத் தள்ளினேன். கன்று நிமிர்ந்தது. மூக்கிலும் தாடையிலும் பச்சை.

4

"வெசம்க்கா அது" என்றேன். அந்த வார்த்தை தமிழில் என் வாயிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக வந்தது.

அக்கா அலறினாள். அடுத்த நொடி அத்தாச்சி மேல் பாய்ந்தாள். "கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? தண்ணி பச்சையாவா இருக்கும்? மாட்டக் கொன்ன பாவம் சும்மா வுடுமாடி?"

அத்தாச்சி கன்றின் கழுத்திலிருந்து கையை எடுத்தாள். "பாசி புடிச்ச தண்ணின்னுல்ல நெனச்சேன் மல்லிகா. ஒம் பாண்டுதானே இது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ சொல்லவே இல்லியே?"

"சொன்னேனே அத்தாச்சி" என்றேன்.

ஏன் சொன்னேன்? வந்துவிட்டது. சொன்ன ஞாபகம் நிஜமாகவே இருந்தது. எச்சரித்துச் சொன்ன ருசி இன்னும் நாக்கில் இருந்தது. யாரிடம், எந்தப் பாஷையில் என்று நின்று பார்க்க அந்த நேரத்தில் எனக்கு நெஞ்சு இல்லை. அத்தாச்சியின் முகம் என்னவோ ஆகிவிட்டது. நாலு அடி தள்ளிப் போய், வேலியின் திறப்பில் சாத்தியிருந்த மூங்கில் படலோடு ஒட்டி நின்றாள்.

அக்கா மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். அந்த அம்மா வேறு ஊரில் இருந்தார், வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். நான் போனை வாங்கி விஷயத்தைச் சொன்னேன். எத்தனை மிடறு என்று கேட்டார். நாலு, ஐந்து இருக்கும் என்றேன். "பிராந்தி இருக்கா வூட்டுல?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வெளையாடல சார். அந்த வெசம் நேரடியா கொல்லாது. ஈரலுக்குள்ள போயி வேற ஒண்ணா மாறும், அதுதான் கிட்னிய அடைக்கும். சாராயமும் அதே வாசல்லதான் போவணும். சாராயத்த முன்னாடி தள்ளிவுட்டா ஈரல் அத கவனிச்சுக்கிட்டு இருக்கும். இது வெளியிலயே நின்னு மூத்திரத்துல போயிடும். நான் வர்ற வரைக்கும் தண்ணி கலந்து, சொல்ற அளவு குடுங்க."

பிராந்தி வாங்கி வரச் சொல்லி மாமாவுக்குப் போன் செய்தேன். "கடை பன்னண்டு மணிக்குத்தான் மாப்ள தொறப்பான். இப்ப மணி பத்து கூட ஆவல. வாழ்க்கையில ஒரு நாளாச்சும் மாட்டுக்காகக் கடை வாசல்ல நிக்கணும்னு எழுதியிருக்கு" என்றார். குரல் உடைந்திருந்தது. கன்று அதற்குள் பின்னங்கால் பின்னித் தள்ளாட ஆரம்பித்தது, குடித்தவன் வீட்டுக்கு வருகிற மாதிரி.

திரும்பிப் பார்த்தேன். வேலியோரம் அத்தாச்சி இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தேன். போகத்தான் செய்வாள். ஆனால் இரண்டு நிமிடத்தில் ஓடி வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். முக்கால் பாட்டில் பிராந்தி.

"அவருது. அவரு கண்ணுல படாம அரிசி டிரம்முக்குள்ள பொதச்சு வெச்சிருந்தேன். ஆறு மாசமாத் தேடுறாரு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் வேறு எந்த நாளாயிருந்தாலும் ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பார்கள்.

மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயில் கலந்து ஊற்றினோம். நான் வாயைப் பிடித்தேன், அக்கா ஊற்றினாள். அத்தாச்சி பக்கத்தில் வரவில்லை. பாட்டிலைக் கொடுத்ததும் மறுபடி வேலியோரமே போய் நின்றுகொண்டாள்.

டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி, மருந்துப் பாட்டிலை வேப்பங்கிளையில் கட்டித் தொங்கவிட்டார். அக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, மூச்சோடு கோபமும் வந்தது. "தம்பி அத்தன தடவ சொல்லியிருக்கான், அப்பவும் போயி காட்டியிருக்கா பாருங்க டாக்டர்" என்றாள். ஒரு தடவை என்பது அதற்குள் அத்தனை தடவை ஆகியிருந்தது. நான் கன்றின் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

வேலியோரத்திலிருந்து அத்தாச்சி சொன்னாள், யாரிடமோ சொல்வது போல. "தம்பி சொல்லியிருக்கும். எனக்குத்தான் காது போயிடுச்சு போலருக்கு. கொஞ்ச நாளாவே சரியாக் கேக்க மாட்டேங்குது."

என் தலையில் ஓங்கி அடித்திருந்தால் கூட அப்படி இருந்திருக்காது. அவள் என்னை நம்பிவிட்டாள். என்னை நம்புவதற்காகத் தன் காதைச் செவிடாக்கிக்கொண்டாள்.

அப்போது கயல் பேசினாள். அவள் கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அந்த மூன்று நாளில் அவள் வாயிலிருந்து யாரும் ஒரு முழு வாக்கியம் கேட்டதில்லை.

"அத்தை. அப்பா அவங்ககிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. இங்கிலீஷ்ல."

ஒவ்வொரு சொல்லாக, படி இறங்குவது மாதிரிப் பேசினாள். தமிழ் நன்றாக இருந்தது. என்னைவிட நன்றாக இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். "பொண்ணு பொய் சொல்லுதா?"

"இல்லக்கா."

டாக்டர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "சரிங்க. இனிமே மூத்திரம் பெய்யுதான்னு மட்டும் பாருங்க. பெய்ஞ்சுதுன்னா கிட்னி வேலை செய்யுதுன்னு அர்த்தம். மத்த பஞ்சாயத்த அப்பறம் வெச்சுக்கலாம்."

5

ஒரு கன்று எப்போது மூத்திரம் பெய்யும் என்று ஒரு வீடே காத்திருந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மாமா தோளில் புதுக் கூலண்ட் கேனோடு வந்து நின்றவர், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோளிலேயே வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். கடைசியில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார், அக்காவின் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில்.

நான் வேலியோரம் போனேன். "அத்தாச்சி, நான் பொய் சொல்லிட்டேன். ஒன் காதுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வுடு தம்பி. கன்னு பொழச்சா போதும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பொண்ணுக்குச் சாப்புட என்னா புடிக்கும்?" என்று கேட்டாள்.

கயல் என்னோடு பேசவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் கன்றுக்குப் பக்கத்திலேயே, கீழே சாக்கை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளை நான் தூர இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவள்தான் கைவிட்டுப் போய்விட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். போனவன் யார் என்று அந்த வேப்பமரத்தடியில் தெரிந்துவிட்டது. எட்டு வயதில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவன் நான்தான். அபாயம் என்று வந்ததும் என் வாய் யாரை எண்ணித் திறந்தது என்று பாருங்கள். படலைத் தள்ளிக்கொண்டு யாரும் வரக்கூடிய ஒரு பின்கட்டில், என் மகள் ஒருத்திக்குச் சொல்லிவிட்டால் உலகத்துக்கே சொன்னதாகிவிடும் என்று அது நினைத்திருக்கிறது. வின்னிபெக்கில் என் ஷெட்டுக்குக் கதவு உண்டு. கதவில்லாத இடத்தில் எப்படி இருப்பது என்பதை நான் மறந்து போயிருந்தேன். அது மறந்துவிட்டது என்றே தெரியாமல் மறந்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் கயல் "பெய்யுது! பெய்யுது!" என்று கத்தினாள். அக்கா அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டு ஓடி வந்தாள். மாமா கையெடுத்துக் கும்பிட்டார், மூத்திரத்தைப் பார்த்து. "கங்கையே வந்தாப்புல இருக்கு மாப்ள" என்றார். அஞ்சலை அத்தாச்சி படலுக்கு வெளியே நின்றே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லை.

நாங்கள் விமானம் ஏறிய அன்று கன்று எழுந்து நின்று தாயை முட்டியது.

6

கிடங்கில் அந்த அம்மாளுக்கு ஒரு வழியாகப் பதில் சொன்னேன். "கூலண்ட்" என்றேன். கேனில் பெயர் எழுதி ஒட்டவில்லை, எழுதாமல் வாங்க முடியாது என்று ஒரு கறுப்புப் பேனாவைக் கொடுத்தார். இங்கிலீஷில் பெயரை எழுதினேன். பிறகு எதற்கென்று தெரியவில்லை, அதற்குக் கீழே தமிழில் 'விஷம்' என்றும் எழுதினேன். அவர் அந்த எழுத்தைப் பார்த்து, "அழகாக இருக்கிறது, என்ன அர்த்தம்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கேனை என்னிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்று ராத்திரி, ஊரில் விடிந்திருக்கும் நேரம் பார்த்து அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். கயல்தான் முதலில் பிடுங்கிப் பேசினாள். இப்போதெல்லாம் அப்படித்தான், வாரத்துக்கு ஒரு தடவை அத்தையோடு தமிழில் பேசுகிறாள், நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறாள். பிறகு போன் என்னிடம் வந்தது. அக்கா பின்கட்டில் நடந்துகொண்டே கன்றைக் காட்டினாள். அது இப்போது நன்றாகத் தேறி, வெயிலில் மினுமினுத்தது. மாமா காருக்கு மறுபடியும் வெறும் தண்ணீர்தான் ஊற்றுகிறாராம். துருப்பிடித்தால் பிடிக்கட்டும் என்கிறாராம்.

"அஞ்சலை அத்தாச்சி எப்புடி இருக்கு?" என்றேன்.

"வர்றா, போறா. ஆனா முந்தி மாரி இல்லடா" என்றாள் அக்கா. மேலே எதுவும் சொல்வதற்குள் கெடாரி கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. அக்கா திரும்பினாள். போன் ஆடியது. படலுக்கு அந்தப் பக்கம் ஒரு புடவைத் தலைப்பு தெரிந்தது.

"மல்லிகா, கன்னு கத்துது. தண்ணி காட்டட்டுமா?"

"காட்டேன்டி, இதுக்கெல்லாமா கேப்ப?" என்றாள் அக்கா.

படல் திறக்கவில்லை. கெடாரி இன்னொரு முறை கத்தியது. பிறகு அத்தாச்சியின் குரல் மட்டும் வந்தது.

"எந்தத் தண்ணிய?"